மூன்று நாளில் யாழ்ப்பாணத்தின் பழைய இடங்களைக் குடும்பத்தோடு பார்ப்பது எப்படி?

கேட்டிருப்பது இது: கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் சேர்ந்து ஒன்பது பேர் வருகிறார்கள். அம்மம்மாவுக்கு முழங்கால் நோவு, சின்னப் பிள்ளைகள் இரண்டு, மிச்சப் பேர் உறவினரும் நண்பர்களும். கையில் மூன்று நாள். கோட்டை, நல்லூர், நெடுந்தீவு, நயினாதீவு, கந்தரோடை, கீரிமலை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எதை எந்த நாளில் வைப்பது?

கடலை முதல் நாளில் வையுங்கள். யாழ்ப்பாணத்தில் தூரம் ஒரு பொருட்டே இல்லை. நகரத்திலிருந்து எந்த முனைக்கும் வான் வண்டியில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறையப் போய்விடலாம். பயணத்தைக் குழப்புபவை மூன்று: படகு நேரம், கோயில் நடை சாத்தும் நேரம், மத்தியான வெய்யில். இந்த மூன்றில் உங்கள் கையில் சற்றும் இல்லாதது படகு. காற்று எழும்பினால் படகு ஓடாது. முதல் நாளிலேயே தீவை வைத்திருந்தால், ஓடாத அன்று நல்லூரையோ கீரிமலையையோ முன்னுக்கு இழுத்துவிட்டு அடுத்த நாள் தீவுக்குப் போகலாம். கடைசி நாளில் வைத்தவர்கள் தீவைப் பார்க்காமலே ரயில் ஏறுகிறார்கள்.

இரண்டாவது, ஒரு நாளுக்கு ஒரு திசை. முதல் நாள் மேற்கே தீவுகள், இரண்டாம் நாள் நகரமும் நல்லூரும், மூன்றாம் நாள் வடக்கே வலிகாமம். வரைபடத்தில் கிட்டக் கிடக்கிறதே என்று கீரிமலையையும் பருத்தித்துறையையும் ஒரே நாளில் கோத்தால், இரண்டிலும் இறங்கிப் படம் எடுத்துவிட்டு ஏறுவதுதான் மிஞ்சும்.

தீவு நாள்

நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகு ஏறும் இடம் ஒன்றுதான்: புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறை. பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு வழியாக நகரத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776ஆம் இலக்க பஸ் போகிறது. ஒன்பது பேருக்கு வான்தான் வசதி. நெடுந்தீவுப் படகு ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுக்கும். நயினாதீவுக்கு 15 முதல் 20 நிமிடம்.

உங்கள் குழுவை இங்கே இரண்டாகப் பிரிப்பதே நல்லது. அம்மம்மா, பிள்ளைகள், அவர்களோடு பெரியவர்கள் இரண்டு பேர் நயினாதீவுக்கு, நடக்கக்கூடியவர்கள் நெடுந்தீவுக்கு. எல்லாரையும் நெடுந்தீவுக்கு ஏற்றுவதில் உள்ள சிக்கல் கடல் மட்டுமன்று. துறையின் படியும் படகின் விளிம்பும் ஒரு மட்டத்தில் இருப்பதில்லை. அலையில் ஏறியிறங்கும் படகுக்குள் ஒரு எட்டில் கால் வைக்க வேண்டும். முழங்கால் நோவுள்ளவருக்கு அந்த ஒரு எட்டுத்தான் பயணத்திலேயே கடினமான இடம். நயினாதீவிலும் இதே எட்டு உண்டு. அதனால் உள்ளே ஒருவர் முதலில் இறங்கி நின்று கை கொடுக்க, வெளியே ஒருவர் முதுகுப் பக்கம் நிற்க வேண்டும். சக்கர நாற்காலியை மடித்துத்தான் ஏற்றலாம்.

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் காலை ஏழரை மணிக்குள் துறையில் நிற்கப் பாருங்கள். படகு நேரங்கள் பருவத்துக்கு ஏற்ப மாறும். முந்தின நாள் பின்னேரமே விடுதிக்காரரைக் கொண்டு விசாரித்து வையுங்கள். அங்கே இறங்கியவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பது. மத்தியானம் கழிந்து சற்று நேரத்திலேயே அது வெளிக்கிட்டுவிடும். பின்னேரம் வரை நிற்கலாம் என்று எண்ணி இரவு அங்கேயே தங்க நேர்ந்தவர்கள் உண்டு. ஏறும்போது படகின் கீழ்த்தட்டுக்குப் போகாதீர்கள். புழுக்கமும் டீசல் மணமும் சேர்ந்து வயிற்றைப் பிரட்டும். மேல்தட்டில் காற்றுப் படும் இடத்தில், தொடுவானத்தைப் பார்த்தபடி இருங்கள். உயிர்காப்பு அங்கி தந்தால் கையில் வைத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்; கடற்படையினர் கேட்பார்கள்.

மாவிலித்துறையில் இறங்கியதும், 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களுக்கான நினைவுத்தூபி இருக்கிறது. நின்று வணங்கிவிட்டுப் போங்கள். துறையிலேயே ஓட்டோவும் சிறு வாகனங்களும் கிடைக்கும். கூலியையும் எந்தெந்த இடம் என்பதையும் ஏறுமுன் பேசி முடியுங்கள். 'தீவு முழுக்க' என்று பேசினால் குவிந்தா கோபுரம் அதற்குள் இல்லை என்று பிறகு வரும். அது தெற்கு முனையில், ஒரு காலத்தில் கப்பல்களுக்குத் தீ மூட்டி வழிகாட்டிய கோபுரம். மற்றவை கோட்டை, பெருக்கமரம் (பாவோபாப்), புறாக்கூடு, குதிரை லாயத்தின் தூண்கள், வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படும் பழைய பௌத்தத் தாதுகோபுர எச்சங்கள். மட்டக் குதிரைகள் மேயும் வெளி தெற்கே.

நெடுந்தீவில் ஆறுதலாகப் பார்க்க வேண்டியது வேலிகள். ஒழுங்கையின் இரு பக்கமும் சாந்தே இல்லாமல், முருகைக்கல் என்னும் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள். தீவில் மரம் குறைவு, கடலில் முருகைக்கல் மலிவு. கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் காற்று ஊடறுத்துப் போகும், மதில் சாயாது. அதே கல்லைச் சுண்ணாம்புச் சாந்தோடு கட்டியதுதான் வைத்தியசாலைக்குப் பின்னால் நிற்கும் போர்த்துக்கேயர் கால, ஒல்லாந்தர் கால இடிந்த கோட்டை. சுதை உதிர்ந்த பின் உப்புக் காற்று முருகைக்கல்லை உள்ளுக்குள் அரித்துவிடும். வெளியே முழுதாகத் தெரியும் சுவர் கையை ஊன்றினால் சரியும். படத்துக்காக அதில் ஏறுவதை ஒருவருக்கும் விடாதீர்கள்.

குதிரைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம். மனித உணவு அவற்றின் வயிற்றுக்கு ஒத்துவராது, பழகிவிட்டால் வாகனத்தின் பின்னால் ஓடும். ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுபோங்கள். தீவில் நல்ல தண்ணீர் அருமை. வெற்றுப் போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

நயினாதீவுக் குழுவுக்கு நாள் இலகு. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் பக்கத்துப் பக்கத்துத் துறைகளில் உள்ளன. எந்தத் துறையில் படகு விடுகிறது என்று கேட்டு ஏறினால் அம்மம்மாவுக்கு நடை மிச்சம். பௌர்ணமி, சனி, ஞாயிறு நாட்களில் தெற்கிலிருந்து யாத்திரிகர் பஸ் பஸ்ஸாக வருவார்கள். வார நாளில் போனால் படகில் இருக்க இடம் கிடைக்கும். மத்தியானப் பூசைக்குப் பின் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு. அன்று உணவு தேடி அலைய வேண்டாம். கோயிலில் பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் உடையவருக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்று அதில் எழுதியிருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைப் படகிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு அந்தக் கடலைப் பார்க்கும் பார்வை மாறும்.

நயினாதீவுக் குழு மத்தியானமே திரும்பிவிடும். மற்றவர்கள் வரும் வரை வானில் வேலணைச் சாட்டிக் கடற்கரைக்குப் போய் இருந்துவிட்டு, குறிகட்டுவானுக்குத் திரும்பலாம்.

நகரமும் நல்லூரும்

இந்த நாளைக் காலை ஏழு மணிக்கு நல்லூரில் தொடங்குங்கள். நடை மத்தியானம் சாத்தினால் பின்னேரம்தான் திறக்கும். ஆண்கள் சேட்டைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும்; பெண்களுக்குச் சேலை, சுரிதார், பாவாடை சரி, முழங்கால் தெரியும் உடுப்புச் சரிவராது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. செருப்பை வெளியே கொடுத்து வைக்க இடம் உண்டு. வெய்யில் ஏறினால் வீதி மணல் சுடும், பிள்ளைகளின் பாதம் தாங்காது.

இப்போதுள்ள கோயில் 18ஆம் நூற்றாண்டில் எழும்பியது. யாழ்ப்பாண அரசின் பழைய கோயிலை 1621இல் போர்த்துக்கேயர் தளபதி பிலிப்பே டி ஒலிவேரா இடித்தார். பழைய இடம் முத்திரைச் சந்திப் பக்கம், இன்று யாக்கோபு தேவாலயம் நிற்கும் வளவு என்பது வழக்கு. அரசின் எச்சங்களைத் தேடுகிறவர்கள் அதனால் கோயிலடியிலேயே நின்றுவிடாமல் பருத்தித்துறை வீதி வழியே முத்திரைச் சந்திக்கு வர வேண்டும். ஒரு கிலோமீற்றர் சுற்றுவட்டத்துக்குள் சட்டநாதர் கோயில், மந்திரி மனை, யாழ்ப்பாண அரசன் சங்கிலியனின் பெயரால் வழங்கும் சங்கிலியன் தோப்பு வளைவு, யமுனா ஏரி, சங்கிலியன் சிலை எல்லாம் இருக்கின்றன. அம்மம்மாவை வானிலேயே வைத்து இடத்துக்கு இடம் நகர்த்தலாம், மற்றவர்கள் நடக்கலாம்.

இங்கே எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனை என்று வருகிறவர்கள் ஒரு வாசல் வளைவையும் பழைய வீட்டையும் கண்டு ஏமாந்து போகிறார்கள். தோப்பு வளைவிலும் மந்திரி மனையிலும் இன்று கண்ணுக்குத் தெரிவதில் ஐரோப்பியக் காலத்துக் கட்டட வேலை நிறையக் கலந்திருக்கிறது. தலைநகரின் அமைப்பை உணர வேண்டுமானால் கட்டடத்தைவிடத் திசையைப் பிடியுங்கள். வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன் என நான்கு காவற் கோயில்கள் நகரைச் சூழ நின்றன. இந்த நான்கையும் வானில் ஒரு சுற்றுச் சுற்றினால், 1619இல் போர்த்துக்கேயர் கைக்குப் போன நகரத்தின் எல்லை உங்களுக்குத் தானாகவே விளங்கும். யமுனா ஏரி 'ப' வடிவில் வெட்டிய கேணி. படிகள் வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடியுங்கள். மந்திரி மனையின் சுவரும் கூரையும் பலவீனமானவை. வெளியே நின்று பார்ப்பதே பாதுகாப்பு.

பத்தரைக்கு மேல் வெய்யிலில் நிற்காமல் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலைக்குப் போங்கள். சிறியது, முக்கால் மணி நேரம் போதும். வாரத்தில் ஒரு நாள் பூட்டியிருக்கும், கேட்டுவிட்டுப் போங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெரியகடையில் மலாயன் கபே இருக்கிறது. வாழையிலையில் சைவச் சோறு, காத்திருப்பும் குறைவு. பிறகு கட்டாயமாக இரண்டு மணி நேரம் விடுதியில் படுங்கள். இந்த இளைப்பாறலை விட்டுவிட்டால் கோட்டையில் பிள்ளைகள் அழுவார்கள், பெரியவர்கள் ஏறமாட்டார்கள்.

பின்னேரம் பொது நூலகம். இங்கே தினமும் மாணவர்கள் இருந்து படிக்கிறார்கள். பார்வையாளரைப் பின்னேரத்தில் குறித்த நேரத்துக்கு மட்டுமே உள்ளே விடுவார்கள். வாசலில் கேட்டு, அந்த நேரத்துக்கு ஏற்பக் கோட்டையை முன்னோ பின்னோ வையுங்கள். 1959இல் திறந்த கட்டடம் 1981 யூன் 1 இரவு எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. பழைய தோற்றத்திலேயே திருத்தி எழுப்பிய கட்டடத்தில் எரிந்த தடம் எதுவும் கண்ணில் படாது. ஆகவே பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றை வாசலுக்கு வெளியே, சரஸ்வதி சிலையடியில் வைத்தே சொல்லிவிடுங்கள். உள்ளே கதைக்க முடியாது.

கோட்டைக்கு நாலரை மணி நல்ல நேரம். மூன்று பக்கம் சுற்றுவதற்குள் வெய்யில் தணியும், பூட்டுவதற்கு முன் இறங்கவும் நேரம் இருக்கும். போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, ஐங்கோண வடிவில் பெருப்பித்தார்கள். வாசலில் 1680 என்று பொறித்திருக்கிறது. வெளிச்சுற்று வேலைகள் முடிந்தது 1792இல். மூன்றே வருடத்தில், 1795இல், ஆங்கிலேயரிடம் சண்டையில்லாமல் கைமாறியது. ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்து, சீலாந்து, கெல்டர்லாந்து, உத்ரெக்ட், பிறீஸ்லாந்து என்று தங்கள் மாகாணங்களின் பெயரை வைத்தார்கள். உள்ளே 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் இருந்தது. 1990இன் சண்டையில் தகர்ந்தது, இன்று கற்குவியல்தான்.

வாசலால் நுழைந்தவுடன் இடப்பக்கம் வலப்பக்கம் பாராமல் மேலே ஓடிவிடாதீர்கள். நுழைவு வழி ஏன் இவ்வளவு தடிப்பான சுவர்களுக்குள் நீள்கிறது என்று பாருங்கள்: பீரங்கிக் குண்டு நேரே உள்ளே விழாமல் தாங்கவும், நுழைபவரை மேலிருந்து தாக்கவும் செய்த அமைப்பு. சுவரின் கல்லைக் கிட்ட நின்று பார்த்தால் முருகைக்கல்லின் துளைகளும் சிப்பித் தடங்களும் தெரியும். நெடுந்தீவு வேலியில் பார்த்த அதே கல். இடையிடையே வேறு சாயலில் செதுக்கிய கற்களும் உண்டு. இடித்த கோயில்களின் கற்களும் இந்தக் கோட்டைக்குள் போயின. சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் இங்கே கிடைத்திருக்கிறது. புதிதாகத் திருத்திய பகுதி கல் ஒழுங்காகவும் வெளிறியும் இருக்கும், பழையது கறுத்திருக்கும். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதைப் பிள்ளைகளுக்கு ஒரு வேலையாகக் கொடுக்கலாம்.

மேற்சுவரில் நிழலில்லை, பல இடங்களில் கைப்பிடியும் இல்லை. பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு பெரியவர் பொறுப்பு. அம்மம்மா கீழே முற்றம் வரை வரலாம். மேலே ஏறும் சாய்வு முழங்காலுக்குச் சரிவராது.

வலிகாமம்

மூன்றாம் நாள் வரிசை: கந்தரோடை, மாவிட்டபுரம், கீரிமலை, நிலாவரை. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் கீரிமலை நகுலேஸ்வரமும் மத்தியானத்துக்கு முன் பார்க்க வேண்டியவை. நிலாவரைக்கு நேரக் கணக்கில்லை.

சுன்னாகத்துக்குக் கிட்டவுள்ள கந்தரோடையில் பனைகளுக்கு நடுவே சிறு சிறு தாதுகோபுரங்கள் கூட்டமாக நிற்கின்றன. வரலாற்று ஆய்வாளர் போல் ஈ. பீரிஸ் 1917 அளவில் இங்கே அகழ்ந்தார். 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது இன்னும் பழைய குடியிருப்பின் தடயங்கள் வந்தன. நீங்கள் பார்க்கும் கோபுரங்களின் மேற்பகுதி மீளக் கட்டியது, அடித்தளமே பழையது. இந்த இடத்தைப் பற்றி 'யாருடையது' என்ற வாக்குவாதம் நெடுங்காலமாக நடக்கிறது. தமிழரும் பௌத்தராக இருந்த காலம் ஒன்றுண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொன்னால் போதும். கோபுரத்தில் சாய்ந்தோ முதுகு காட்டியோ படம் எடுக்காதீர்கள், வழிபடும் இடம்.

கீரிமலைக் கேணி கடலோடு ஒட்டியிருந்தும் அதன் தண்ணீர் கடல்நீர் அன்று. குடாநாடு முழுவதும் சுண்ணக்கல். மழைநீர் மேலே ஓடாமல் பொந்துகளால் இறங்கி, நிலத்தடியில் கடலை நோக்கிப் போய், இங்கே ஊற்றாக வெளிப்படுகிறது. ஆண்கள் கேணி திறந்தவெளி, பெண்களுக்கு மதில் சூழ்ந்த தனிக் கேணி. சவர்க்காரம் பாவிக்கக் கூடாது. மாற்று உடுப்பு, துவாய், ஈர உடுப்புக்கு ஒரு பை ஆளுக்கொன்று வேண்டும். படிகளில் பாசி பிடித்திருக்கும். செருப்பைக் கழற்றி, குந்தியபடி இறங்குங்கள். அந்தியேட்டி, பிதிர்க்கடன் செய்பவர்களும் இங்கே வருகிறார்கள். பக்கத்தில் கிரியை நடந்தால் பிள்ளைகளின் கும்மாளத்தை அடக்கிவையுங்கள். ஆடி அமாவாசையன்று குளிக்க இடமே கிடைக்காது.

புத்தூர் நிலாவரைக் கிணறு கீரிமலையின் மறுபாதி. அதே சுண்ணக்கல், இங்கே நிலம் உள்ளிறங்கி நிலத்தடி நீர் வெளியே தெரிகிறது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. நல்ல தண்ணீர் எடை குறைவாதலால் மேலே மிதக்கிறது. குளிக்க விடமாட்டார்கள், கம்பிக்கு அப்பால் போகவும் கூடாது. அரைமணி நேரத்தில் பார்த்து முடியும்.

எப்போது வருவது?

சனவரி கடைசி முதல் மார்ச் வரை நல்லது. மழை ஓய்ந்து புல் பச்சையாக இருக்கும், வெய்யிலும் கொடுமையில்லை. ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மாரி. நல்லூர்த் திருவிழா 25 நாள், ஆவணியை ஒட்டி. திருவிழாவுக்கென்றே வருவதானால் வாருங்கள், பழைய இடங்களைப் பார்க்க அந்த நாட்கள் பொருந்தா. கோயிலைச் சுற்றி வீதிகளைப் பூட்டிவிடுவார்கள், விடுதி அறைகளும் மாதக்கணக்கில் முன்பே முடிந்துவிடும்.

மே முதல் ஓகஸ்ட் வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும். நெடுந்தீவுப் படகு அடிக்கடி நிற்கும், ஓடினாலும் ஆட்டம் கூட. அந்த மாதங்களில் பிள்ளைகளோடு வருகிறவர்கள் நெடுந்தீவை விட்டுவிட்டு, குடாநாட்டின் வடகிழக்குப் பகுதியான வடமராட்சிக்கு ஒரு நாளைக் கொடுங்கள். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி, வல்வெட்டித்துறைக் கரையோரமாகப் பருத்தித்துறைக்கு. அங்கே தெருவுக்கு மேலேயே கூரை போட்ட தெருமூடிமடம் பாருங்கள். வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டியது, வீதி அதன் நடுவால் போகிறது. பிறகு வல்லிபுர ஆழ்வார் கோயில். 1936இல் இப்பகுதியில் கிடைத்த பொன்னேட்டில், அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தில் நாகதீவை (யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய பெயர்) ஆண்ட அமைச்சரின் பெயர் இருக்கிறது, 2ஆம் நூற்றாண்டுச் சான்று. ஞாயிறு இங்கே சனம் கூடும் நாள். அமைதியாகப் பார்க்க வேறு நாள் போங்கள். கடைசியாக மணற்காடு, மணல் மூடிய பழைய அந்தோனியார் தேவாலயம். பின்னேரம் நாலரைக்குப் பிறகு போனால் மணல் சுடாது. வானைத் தார் வீதி முடியும் இடத்திலேயே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் கிட்டப் போகலாம் என்று மணலில் இறக்கினால் சக்கரம் புதையும், ஒன்பது பேர் தள்ளினாலும் வராது, உழவு இயந்திரம் தேடி ஊருக்குள் போக வேண்டிவரும்.